கையால் ஏர்பிரஷ் செய்தது என்று விற்கப்பட்ட பிரிண்ட்: கருப்பு வெள்ளை முகப்படம் வாங்குவோர் கவனத்துக்கு

ஒருவர் தன் அம்மாவின் முகத்தை ஏ3 அளவில், கருப்பு வெள்ளையில், தோலின் சுருக்கமும் துளைகளும் தெரியும்படி ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் பேனா போன்ற கருவி) வரைந்து தரச் சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியிருக்கிறார். "ஸ்டென்சில்கூட இல்லை, முழுக்க முழுக்க ஃப்ரீஹேண்ட்" என்று, அதாவது துளை வெட்டிய தகடு எதையும் வைக்காமல் வெறுங்கையால் வரைந்தது என்று, விற்றவர் எழுத்திலேயே உறுதி கொடுத்திருக்கிறார். நான்காவது நாளே படம் சட்டம் போட்டு வந்துவிட்டது. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் எட்டு மாதம் தொங்கிய பிறகு கன்னமும் நெற்றியும் இளஞ்சிவப்பாக மாற ஆரம்பித்தன. கண்ணும் கூந்தலும் மட்டும் பழைய கருப்பிலேயே இருந்தன. ஏர்பிரஷ் வேலை தெரிந்தவர்கள் என்பதால் படம் எங்கள் மேசைக்கு வந்தது.

அது வரைந்த படமே இல்லை, இங்க்ஜெட் பிரிண்ட். கண்மணி, இமைமயிர், கூந்தல், கன்னத்துப் புள்ளிகள் ஆகிய இடங்களில் மட்டும் மேலாக ஏர்பிரஷ் ஓட்டி, அதற்கு மேல் பளபளப்பு வார்னிஷ் தடிமனாக அடித்திருந்தார்கள். இதே முறையில் இன்னும் பலர் ஏமாறக்கூடும் என்பதால், என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை விவரமாக எழுதுகிறோம்.

முதலில் நிறம் ஏன் மாறியது என்று பார்ப்போம். சாதாரண கலர் பிரிண்டர் சாம்பல் நிறத்தைக் கருப்பு மையால் மட்டும் போடுவதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளையும் கலந்துதான் சாம்பலைக் காட்டுகிறது. மை சாய வகையாக (நீரில் கரைந்த நிறம், கரையாத நுண்துகளான நிறமி அல்ல) இருந்தால் வெளிச்சத்தில் அந்த மூன்றும் ஒரே வேகத்தில் வெளுக்காது. ஒன்று முந்தி வெளுத்ததும் மிச்சம் இருப்பதன் நிறம் மேலே தெரியும். இந்தப் படத்தில் கன்னம் சிவந்தது அதனால்தான். ஏர்பிரஷ் ஓட்டிய இடங்களில் இருந்தது கார்பன் கருப்பு நிறமி. வண்ணக் குப்பிகளில் 'பிக்மென்ட் பிளாக் 7' என்று போட்டிருப்பது இதைத்தான். வெளிச்சத்துக்கு அசையாத நிறமிகளில் இது முதல் வரிசை. நேர்மையாகக் கார்பன் கருப்பில் முழு முகத்தையும் வரைந்திருந்தால் எட்டு மாதத்தில் கன்னம் சிவக்க வழியே இல்லை.

வாங்கிய அன்றே இதைப் பிடித்திருக்க முடியும். அதே படத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் ஒருமுறை பாருங்கள். கலர் மைகளால் உண்டான சாம்பல் ஒரு வெளிச்சத்தில் பச்சை சாயலும் இன்னொன்றில் சிவப்புச் சாயலும் காட்டும். ஒரே கருப்பில் செய்த வேலையில் முழுப் படமும் ஒன்றாகக் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியுமே தவிர, கன்னம் ஒரு நிறம், கூந்தல் ஒரு நிறம் என்று பிரியாது.

அடுத்தது லென்ஸ். 30 மடங்கு பெருக்கும் சிறிய கைலென்ஸ் போதும், போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸும் உதவும். நெற்றியின் வெளிர்ந்த பகுதியில் வைத்துப் பாருங்கள், கருமையான இடத்தில் ஒன்றும் புலப்படாது. பிரிண்டில் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே அளவில், தனித்தனியாகத் தூவியதுபோல் இருக்கும், நடுவே நீலமும் சிவப்பும் எட்டிப் பார்க்கும். ஏர்பிரஷ் தூவலில் பெரிதும் சிறிதுமாகப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். கை போன பாதையின் நடுவில் அடர்ந்து, ஓரத்தில் அருகிப் போகும். ஒன்றை மறக்க வேண்டாம்: சாம்பல் மைகளே பல அடுக்குகளாக உள்ள உயர்தரப் பிரிண்டர்களில் கலர்ப் புள்ளி தெரியாது. ஆகவே கலர் இல்லை என்பதை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. புள்ளிகளின் அளவையும் அடுக்கையும்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் படத்தில் எங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் செய்தது வேறொன்று. வாங்கியவர் விற்றவருக்கு அனுப்பிய புகைப்படம் சாட் செயலி வழியாகச் சுருங்கிப் போன, 800 பிக்சல் அகலமுள்ள ஜேபெக். ஜேபெக் படத்தை 8 பிக்சலுக்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. 800 பிக்சலை ஏ3 அகலமான 297 மி.மீ.க்கு இழுத்தால் ஒரு பிக்சல் 0.37 மி.மீ., ஒரு கட்டம் ஏறத்தாழ 3 மி.மீ. தாடைக்குக் கீழே நிழல் கழுத்தில் இறங்கும் இடத்தில், ஸ்கேலை வைத்து அளந்தால் அதே 3 மி.மீ. சதுரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. ஏர்பிரஷ் பிடித்த எந்தக் கையும் கழுத்தில் சதுரம் போடாது.

கன்னத்துத் துளைகள் இன்னொரு சாட்சி. ஐந்து புள்ளிகள் வளைந்த வில்போல நிற்க, அதன் கீழே ஒற்றைப் புள்ளி. இந்த உருவம் வலது கன்னத்தில் இருக்கிறது, நெற்றியில் இருக்கிறது, தலைகீழாகத் திருப்பி மோவாயிலும் இருக்கிறது. ஒரே டெக்ஸ்ச்சர் ஸ்டென்சிலை மூன்று இடத்தில் வைத்து ஊதியிருக்கிறார்கள். ஸ்டென்சில் பயன்படுத்துவது குற்றமில்லை, நல்ல கலைஞர்களும் அடித்தளத்துக்கு அதைத் தொடுவார்கள். ஆனால் 'ஸ்டென்சில்கூட இல்லை' என்று சொல்லி விற்றது பொய். அதோடு வேலையும் தப்பு. துளை என்பது ஒரு சின்னப் பள்ளம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்தால் பள்ளத்தின் இடது விளிம்புக்குள் நிழல், வலது விளிம்பில் வெளிச்சம். மூக்கில் துளைகள் வட்டமாக நெருங்கியிருக்கும், கன்னத்தில் தோல் தொய்யும் பக்கம் நீளும், வயதானவர் கழுத்தில் துளையைவிடக் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகள்தான் மேலோங்கும். இங்கே நெற்றி, கன்னம், மோவாய் எல்லாவற்றிலும் ஒரே கரும்புள்ளி, வெளிச்சத்திலும் நிழலிலும் ஒரே அழுத்தம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் தோல்போல இல்லை, மிளகுத்தூள் தூவியதுபோல இருந்தது.

உண்மையான வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது புரியும். 0.2 மி.மீ. அளவுள்ள நாசில் (வண்ணம் வெளிவரும் முனைத் துளை), டேங்கும் ஈரம் பிடிக்கும் ஃபில்டரும் உள்ள கம்ப்ரஸர், எரேசருக்குத் தாங்கும் வழவழப்பான பலகை அல்லது சிந்தெடிக் தாள். ட்ரான்ஸ்பரன்ட் (அடியில் உள்ளது தெரியும்) கருப்பு 1 பங்குக்கு, வண்ணத்தை நீர்க்கச் செய்யும் ரெட்யூசர் 10 பங்கு வரை சேர்த்து, கிட்டத்தட்ட அழுக்குத் தண்ணீர் மாதிரி ஆக்கிக்கொண்டு, 8 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், தாளிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் ஊத வேண்டும். அழுத்தம் கூடினாலோ வண்ணம் அதிகமாக இறங்கினாலோ புள்ளியிலிருந்து சிலந்திக் கால்கள் கிளம்பும். நாசிலுக்குள் இருக்கும் நீடில் (ஊசி) முனையில் வண்ணம் காய்ந்தால் முதலில் வராது, பிறகு குப்பென்று துப்பும். அதனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முனையைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தோல் உருவாகும் விதம் இதுதான்: மெல்லிய படலம் ஒன்று ஊதுகிறோம், காய்ந்ததும் எரேசர் பென்சிலால் துளைகளுக்கு இடையிலுள்ள மேடுகளை வெளிச்சமாக எடுக்கிறோம், கூரிய பிளேடின் நுனியால் ஈரம்போல மின்ன வேண்டிய இடங்களைச் சுரண்டுகிறோம், பள்ளங்களில் ஒவ்வொரு புள்ளியாக வைக்கிறோம், பிறகு எல்லாவற்றின் மீதும் மறுபடி மெல்லிய படலம். கடைசிப் படலம் விழுந்ததும் கூர்மை அடங்கி, துளைகள் தோலின் மேல் ஒட்டியவைபோல இல்லாமல் தோலுக்குள் இறங்கிவிடும். ஒரு கன்னத்துக்கே இந்தச் சுற்று மூன்று முதல் ஐந்து முறை வரும். இதனால்தான் ஏ3 முகம் ஒன்று, அவசரமே இல்லாத கையில், பல நாள் உட்கார்ந்து செய்யும் வேலை. நான்கு நாளில் சட்டம் போட்டு, பார்சல் கட்டி, வீட்டுக்கும் வந்துவிட்டது என்றால் அந்தக் கணக்கே முதல் எச்சரிக்கை.

எரேசரும் பிளேடும் தடயம் விடாமல் போகாது. இருட்டறையில் டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில், தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடியுங்கள். மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் மேற்பரப்பு சிறிது கீறியோ நார் எழும்பியோ இருக்க வேண்டும், தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் வேறு வேறு பளபளப்பு காட்ட வேண்டும். தடித்த வார்னிஷ் இந்தத் தடயத்தை மூடிவிடும். மேலே ஊதிய இடத்துக்கும் பிரிண்டுக்கும் உள்ள மினுக்கு வேறுபாட்டை மறைக்கவும் அதையே பயன்படுத்துகிறார்கள். வார்னிஷ் அடிக்கும் முன் வெறும் படத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஈரப் பஞ்சால் தேய்த்துப் பார்க்கும் சோதனையை முகத்தில் செய்துவிட வேண்டாம். சில நல்ல ஏர்பிரஷ் வண்ணங்களும் அழித்து வேலை செய்வதற்கென்றே தண்ணீரில் இளகும்படி தயாரிக்கப்படுகின்றன. மை கரைந்தது என்பதால் மட்டும் அது பிரிண்ட் ஆகிவிடாது.

பிரிண்ட் மேல் வரைவதே மோசடி என்று நாங்கள் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏர்பிரஷ் வந்த புதிதில் அதன் பெரிய வேலையே மங்கலாகப் பெரிதாக்கிய புகைப்படங்களின் மேல் முகத்தைத் திருத்தி எடுப்பதுதான். அடியில் பிரிண்ட் இருக்கிறது என்று சொல்லி, நிறமி மையில் அச்சிட்டு, அதற்கான விலைக்கு விற்றால் யாருக்கும் மனக்குறை இல்லை. மறைத்து விற்பதுதான் எங்களைக் கொதிக்க வைக்கிறது. இறந்துபோன அம்மாவின் முகத்துக்காக ஒருவர் கேட்டு வாங்கியது அது.

பிரிண்டே இல்லாமல் கெட்டுப்போகும் வேலைகளும் உண்டு. கருப்பின் மேல் ஓபேக் (அடியில் உள்ளதை மறைக்கும்) வெள்ளையை ஊதித் திருத்தினால் அந்த இடம் நீலம் பாரித்துவிடும். வெள்ளையின் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதே காரணம். வெள்ளையில் துளி மஞ்சளோ பழுப்போ சேர்த்தால் இது தணியும். மாதிரிப் படங்களில் பிணம்போல நீலம் ஓடிய கன்னங்களைக் கண்டால் அந்தக் கலைஞரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: அடியில் அச்சு உண்டா இல்லையா, எந்தத் தாள், எந்தக் கருப்பு நிறமி, எந்த வார்னிஷ். வேலை நடக்கும்போது படிப்படியான புகைப்படம் கேளுங்கள். உண்மையான வேலையில் வெறும் கோட்டுருவம் இருக்கும், பிறகு ஒரு கண் முடிந்திருக்கும், மற்றப் பாதி வெள்ளையாகவே கிடக்கும். இவருக்கு வந்த மூன்று படங்களிலும் முழு முகமும் ஒரே மாதிரி மங்கலாக ஆரம்பித்து ஒரே மாதிரி கருத்துக்கொண்டு போனது, அதை எந்த செயலியிலும் செய்யலாம். பாதி முடிந்த நிலையில் இருபது விநாடி வீடியோ, எரேசர் ஓடுவது தெரியும்படி, கேட்டால் நேர்மையான ஆள் மறுக்க மாட்டார்.

கேள்வி கேட்டபோது விற்றவர் முதலில் "ஈரப்பதத்தால் வந்தது" என்றார். கட்டங்களின் மேக்ரோ படத்தை அனுப்பியதும் "அது மிக்ஸ்டு மீடியா" (பல முறைகளைக் கலந்து செய்த வேலை) என்று மாற்றினார். இலவசமாக டச்சப் செய்து தருகிறேன், படத்தை அனுப்புங்கள் என்றும் சொன்னார். அனுப்ப வேண்டாம் என்றோம், கையிலிருக்கும் ஒரே சாட்சி அதுதான். விளம்பர வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய செய்திகள், பார்சல் உறை, மேக்ரோ படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பணம் கட்டிய தளத்தில் புகார் போயிருக்கிறது. வார்னிஷைக் கழற்ற முயலக் கூடாது, அதோடு சாய மையும் வந்துவிடலாம். படத்தை இப்போதே நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, கருப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்துக்கொண்டு, மூலத்தை வெயில் படாத உள்சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம்.