அண்ணா நகரில் புதுப்பிக்கப்பட்ட பழைய அடுக்குமாடி வீடு: சில ஆண்டுகள் குடியிருந்த அனுபவம்

அண்ணா நகர் டவர் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம் என்னும் தூரத்தில், இரண்டாவது அவென்யூவின் இரைச்சல் எட்டாத உட்தெரு ஒன்றில், 1990-களில் கட்டப்பட்ட ஆறு வீடுகள் கொண்ட குடியிருப்பின் முதல் மாடியில் நாங்கள் வசிக்கிறோம். மூன்று படுக்கையறைகள், 1,350 சதுர அடி. முந்தைய உரிமையாளர் முழுவதுமாகப் புதுப்பித்து விற்ற வீடு இது. இத்தகைய வீடுகள் இப்பகுதியில் தொடர்ந்து விற்பனைக்கு வருவதால், புதுப் பொலிவு பழகிப்போன பிறகு தெரியவந்தவற்றை எழுதுகிறேன்.

இடவசதியில் எந்தக் குறையும் இல்லை. புதிய கட்டடங்களில் லிஃப்ட், நடைபாதை, கிளப் ஹவுஸ் என்று பொதுப் பகுதிகளுக்கே கணிசமான சதுர அடிகள் கணக்கில் போய்விடுகின்றன. இங்கே பொதுவானது படிக்கட்டு மட்டுமே என்பதால், பத்திரத்தில் உள்ள பரப்பளவில் பெரும்பகுதி நம் கதவுக்கு உள்ளேயே இருக்கிறது. கட்டடம் நிற்பது இரண்டு கிரவுண்டு மனையில், அதாவது 4,800 சதுர அடியில். அதில் பிரிக்கப்படாத பங்காக, அதாவது மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய நிலப்பங்காக, வீட்டுக்கு 800 சதுர அடி வருகிறது. பளபளக்கும் சமையலறையைவிட இந்த 800 சதுர அடிக்குத்தான் நாங்கள் விலை கொடுத்தோம் என்பேன்.

புதுப்பித்த வேலைகளில் மின்வயரிங்கை மாற்றி மும்முனை இணைப்பு வாங்கியிருந்தது உருப்படியான செலவு. ஏசி, கீசர், மோட்டார் எல்லாம் சேர்ந்து ஓடினாலும் தொல்லை இல்லை. தரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பழைய மொசைக்கைப் பெயர்க்காமல் அதன்மேலேயே விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டியிருந்ததால் தரை உயர்ந்து, எல்லாக் கதவுகளையும் அடியில் இழைக்க வேண்டியிருந்திருக்கிறது. கூடத்தின் ஒரு மூலையில் நாணயத்தால் தட்டினால் இன்றும் வெற்றோசை கேட்கும். அடியில் கலவை சரியாகப் பரவவில்லை என்று பொருள்.

உண்மையான சோதனை ஃபால்ஸ் சீலிங்கில் வந்தது. இரண்டாம் மழைக்காலத்துக்குப் பின், குளியலறையை ஒட்டிய படுக்கையறையின் கூரையில் தேநீர்க் கறை போன்ற மஞ்சள் வட்டம் ஒன்று தோன்றி, மழை நின்ற பிறகும் விரிந்துகொண்டே போனது. ஜிப்சம் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, மேல்வீட்டுக் குளியலறையின் சங்கன் ஸ்லாபிலிருந்து, அதாவது குழாய்களைப் பதிக்கத் தாழ்த்திக் கட்டிய தளத்திலிருந்து, நீர் கசிந்து கான்கிரீட் கம்பிகள் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. நம் வீட்டுக் குழாய்கள் அத்தனையும் புதியவை. கசிந்ததோ மேலே யாரும் தொடாத பழைய கழிவுநீர்க் குழாய். யார் செலவு என்பதைப் பேசி முடிக்கவே, அந்தத் தரையை உடைத்துக் குழாய் மாற்றி வாட்டர் புரூஃபிங் செய்ததைவிட அதிக நாளானது. ஆகவே இத்தகைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டும் அலமாரிகளை விட்டுவிட்டு, மேல்வீட்டுக் குளியலறை எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும்.

அமைதியைப் பொறுத்தவரை பகலில் குறை சொல்ல முடியாது. வார இறுதி மாலைகளில் மட்டும் உணவகங்களுக்கு வருவோரின் கார்கள் நம் வாசலை அடைத்துக்கொள்கின்றன. 2017-இல் திறக்கப்பட்ட அண்ணா நகர் டவர் மெட்ரோ நிலையம் அருகிலேயே இருப்பதால் எங்கள் காரைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. பராமரிப்புச் செலவும் குறைவு. பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை 2023-இல் யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ரூபாயாகக் குறைத்தது எங்களுக்கும் பொருந்தியது.

வாங்கும்போது விலையோடு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பதோடு நில்லாமல் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-இன்படி மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடியும். எங்கள் ஆறு வீடுகளில் நான்கு போதும். கட்டுமான நிறுவனங்கள் இத்தெருவில் விசாரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. இடிப்பதற்குப் பேச்சு நடக்கும் கட்டடத்தில், விற்பவர் இத்தாலிய மார்பிளுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் சேர்த்து விலை சொன்னால், அந்தத் தொகையைத் தயங்காமல் குறைத்துக் கேட்கலாம்.