ஆர்மர்டு கோர் 6: எஃப்சிஎஸ் மாத்தின அப்புறம்தான் என் மெஷின் எனக்குப் புரிஞ்சுது

ஆர்மர்டு கோர் 6-ங்கிறது பார்ட்ஸ் சேத்து ரோபோ மெஷின் கட்டி சண்டை போடுற வீடியோ கேம். 2023 ஆகஸ்ட்ல அது வந்த வாரமே ஆரம்பிச்சேன், மூணு எண்டிங்கும் பாத்தாச்சு, இன்னும் வாரத்துல ரெண்டு நாளாவது கராஜ்ல உக்காந்து பார்ட்ஸ் மாத்திக்கிட்டுதான் இருக்கேன். புதுசா வர்றவங்க எல்லாரும் துப்பாக்கி, கால், பெயிண்ட்டுன்னு பாத்துப் பாத்து பண்றாங்க, எஃப்சிஎஸ்ஸ, அதாவது எதிரிய குறி வைக்க உதவுற பார்ட்ட, மட்டும் தொடறதே இல்ல. நானும் முதல் ரன்ல பாதி வரைக்கும் ஆரம்பத்துல குடுக்கிற அதே பி01 எஃப்சிஎஸ்லதான் ஓட்டினேன்.

ரெண்டு கையிலயும் ஷாட்கன் மாட்டி அரினால, அதாவது ஒத்தைக்கு ஒத்தை சண்டைல, ஒரு லைட் வெயிட் மெஷின்கூட மோதுறேன், பக்கத்துல போய்தான் சுடறேன், ஆனா குண்டு எல்லாம் அவன் இருந்த இடத்துக்குப் போகுது, அவன் நகந்துட்டான். துப்பாக்கிதான் சரியில்லன்னு நெனச்சு மூணு தடவ மாத்தினேன், ஒண்ணும் வேலைக்கு ஆகல. அப்புறம் எஃப்சிஎஸ்ஸ ஏபட்னு ஒண்ணுக்கு மாத்திட்டு அதே ஷாட்கனோட போனேன், குண்டு அவன் மேல விழுது.

விஷயம் இதுதான். எஃப்சிஎஸ்ல தூரத்த மூணா பிரிச்சிருக்காங்க: 130 மீட்டருக்குள்ள, 130லேருந்து 260 வரைக்கும், அதுக்கு மேல. ஒவ்வொண்ணுக்கும் தனி அசிஸ்ட் நம்பர், அது எவ்ளோ ஜாஸ்தியோ அந்த தூரத்துல எதிரிய அவ்ளோ வேகமா ஃபாலோ பண்ணும். ஏபட் கிட்டத்துக்கு, டால்பட்னு இன்னொண்ணு கிட்டத்தோட நடு தூரத்தையும் சேத்துப் பாத்துக்கும், ஒசெல்லஸ்னு ஒரு எஃப்சிஎஸ் கையில கிடைச்சா கிட்டத்துல அத அடிக்க ஆளே இல்ல. மிசைல் ஆளுங்க இந்த மூணு நம்பரயும் விட்டுட்டு மிசைல் லாக் (எதிரிய குறில பூட்டுறது), மல்டி லாக் (ஒரே நேரத்துல பல குறி பூட்டுறது)னு கீழ ரெண்டு வரி இருக்கும் பாருங்க, அதப் பாத்து எடுங்க, லாக் ஆகுற நேரமே குறையும்.

இதுல எஃப்சிஎஸ் மட்டும் தனியா வேலை செய்யாது, கை பார்ட்ஸ்ல ஃபயர்ஆர்ம் ஸ்பெஷலைசேஷன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் சேந்துதான் குறி நிக்கும். வ்ரெக்கர் கைய எடுத்துக்கோங்க, ரீகாயில், அதாவது சுடும்போது வர்ற உதை, தாங்குறதுல கில்லி, ஆனா ஸ்பெஷலைசேஷன் நம்பர் வெறும் 26, வேகமா ஓடுற எதிரிய அது தொரத்தவே தொரத்தாது. நாக்ட்ரைஹர்னு இன்னொரு கை அதுக்கு நேர் எதிர்.

தலைய நெறைய பேர் அழகுக்குதான் எடுக்கிறாங்க. ஒளிஞ்சிருக்கிற எதிரிய காட்டுற ஸ்கேன் தலையிலதான் இருக்கு: ஸ்கேன் தூரம், அடுத்த ஸ்கேனுக்கு காத்திருக்கிற நேரம், எதிரி மேல விழுற மார்க் எவ்ளோ நேரம் நிக்கும்னு மூணு நம்பர். பாஸ் (BAWS) ஆர்சனல் நம்பர் 2 மிஷன்ல கண்ணுக்கே தெரியாத மெஷினுங்க வந்து அடிக்கும், அங்க ஸ்கேன் நல்லா இருக்கிற தலை போட்டுட்டுப் போனா அந்த மிஷனே வேற மாதிரி இருக்கு, சுவருக்குப் பின்னாடி இருக்கிறதுகூட தெரியும்.

ஜெனரேட்டர்ல எல்லாரும் கெப்பாசிட்டிய மட்டும் பாக்கிறாங்க. எனர்ஜி துப்பாக்கி வச்சிருந்தா ஜெனரேட்டர்ல இருக்கிற எனர்ஜி ஃபயர்ஆர்ம் ஸ்பெக்கையும் பாக்கணும், இல்லன்னா டேமேஜ் போச்சு. கோரல்னு கேம்ல வர்ற எனர்ஜிப் பொருள்ல ஓடுற ஜெனரேட்டர் தனி ரகம், எனர்ஜிய பாதில நிறுத்தினா ரொம்ப நேரம் காக்க வைக்கும், மொத்தமா காலி பண்ணினா ஒரேயடியா நெரம்பும், அதனால கடைசிச் சொட்டு வரைக்கும் பூஸ்ட் பண்ணப் பழகணும், எனக்கு அது கைக்கு வர ரொம்ப நாள் ஆச்சு.

காசு போயிடும்னு பயந்து வாங்காம இருக்காதீங்க. வாங்கின விலைக்கே திருப்பி வித்துக்கலாம், டெஸ்ட் மோட்லயே போட்டுப் பாக்கலாம், மிஷன்ல செத்தாலும் செக்பாயின்ட்லேருந்து கையில இருக்கிற பார்ட்ஸ வச்சு மாத்திக்கலாம். அதனால நான் இப்போ முதல்ல எந்த தூரத்துல சண்டை போடப் போறேன்னு முடிவு பண்றேன், அப்புறம் துப்பாக்கி, உடனே எஃப்சிஎஸ், அதுக்கப்புறம் கை, வெயிட்டும் எனர்ஜி லோடும் கடைசில இடிச்சா தலையிலயோ பூஸ்டர்லயோ குறைக்கிறேன், எஃப்சிஎஸ்ல கை வைக்கிறதில்ல.

இப்போ நாலு கால் மெஷின்ல மேல மிதந்துகிட்டே தூரத்துலேருந்து அடிக்கிற மாதிரி ஒண்ணு பண்றேன், எஃப்சிஎஸ் விஇ-21பி போட்டிருக்கேன், தூரத்துல அருமையா இருக்கு, ஆனா எவனாவது பக்கத்துல பாஞ்சு வந்துட்டா தடுமாறுது. இதே மாதிரி ஓட்டுறவங்க கிட்டத்துக்குன்னு கையில என்ன வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க.