பிள்ளைக்கு முதல் கண்ணாடியா? இங்கே போங்கள்

மதுரையில் கண்ணாடிக் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளின் கண்ணை இவ்வளவு பொறுமையாகப் பார்க்கிற கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கொரோனா வந்தபோது என் மகள் இரண்டாம் வகுப்பு. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி அவள் வயதுப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. அதுவரை பாடம், படம், விளையாட்டு எல்லாமே செல்போனில். பள்ளி திறந்ததும் போர்டு தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். முதலில் போன வேறொரு கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு உடனே மைனஸ் 2.25 என்று சீட்டு எழுதினார்கள். நீல வெளிச்சத்தைத் தடுக்கிற ப்ளூ கட் லென்ஸ் போட்டால் பவர் ஏறாது என்றும் சொன்னார்கள்.

இந்தக் கடையில் கண் பார்க்கிற அம்மா அந்தச் சீட்டை வைத்துக் கண்ணாடி செய்ய ஒப்பவில்லை. "கிட்டத்துலயே பாத்துப் பாத்துப் பிள்ளைக்குக் கண்ணு இறுகிப் போயிருக்கும்ணே. சொட்டு மருந்து விட்டுத் தளர்த்திப் பாத்தாத்தான் சரியான பவர் தெரியும். டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். மருந்து விட்டுப் பார்த்ததில் மைனஸ் 1.25தான். கைக்கு வந்த வியாபாரத்தை விட்டுவிட்டுப் பிள்ளையின் கண்ணை நினைத்தார்களே, அதற்கே ஐந்து நட்சத்திரம்.

ப்ளூ கட் வேண்டாம், அது பவர் ஏறுவதை நிறுத்தாது என்றார். கீழே விழுந்தாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் போடச் சொன்னார். ஃப்ரேமின் காதுப் பக்கத்தைச் சூடாக்கி வளைத்து, மகளைக் குனிந்து தலையை ஆட்டச் சொல்லி, நழுவாத வரைக்கும் திரும்பத் திரும்பச் சரிசெய்தார். பிறகு கேட்ட கேள்வி: "தினம் எவ்வளவு நேரம் வெளிய விளையாடுவா?"

தினம் பகல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரமாவது இருந்தால் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிற இந்த மைனஸ் பவர், வருவது தள்ளிப்போகும் என்கிறார்கள். ஊரடங்கு பறித்தது அந்த வெளிச்சத்தைத்தான். சீனாவின் ஃபெய்செங் நகரில் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் 2015 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் 5.7 சதவீதத்தைத் தாண்டாத கிட்டப்பார்வை, 2020இல் 21.5 சதவீதமானது. சொட்டு மருந்து விடாமல் எடுத்த கணக்குதான், என்றாலும் ஏற்றம் சின்னதில்லை. தொற்றுக்குப் பயந்து பூட்டியதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெரியவர்களுக்குக் கடை கண்ணி திறந்தபோதே பிள்ளைகளுக்கு மைதானத்தையும் திறந்துவிட்டிருக்க வேண்டும். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

குறை என்றால், சின்ன முகத்துக்கான ஃப்ரேம்கள் குறைவு. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் தாங்காது. வார நாளில் போங்கள். பழைய சீட்டு இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள், பவர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்வார்.