‘ரேடியேஷன் ஷீல்டு’ என்று சொல்லி மூடிய டப்பாவை மாட்டிவிட்டுப் போகிறார்கள், கவனம்

மொட்டை மாடியில் வானிலைக் கருவி வைக்க நினைக்கும் வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் பதிவு. தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கமெல்லாம் வீட்டுக்கே வந்து பொருத்தித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ‘ரேடியேஷன் ஷீல்டு’ என்பது வெப்பம் அளக்கும் சென்சார்மேல் வெயில் படாமல் காக்கும் உறை. என்னிடம் 11,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரில் வெயிலை மறைக்கவே மறைக்காத ஒன்றை மாட்டியிருக்கிறார்கள்.

கத்திரி வெயில் தொடங்கியதுமே சந்தேகம் வந்துவிட்டது. நுங்கம்பாக்கத்தில் 39 டிகிரி என்று சொன்ன மதியத்தில் எங்கள் மாடியில் 47 காட்டியது. நுங்கம்பாக்கத்தின் உச்சமே 2003 மே 31 அன்று பதிவான 45தான். நாங்களோ கடலுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறோம், மதியக் கடற்காற்று எங்களுக்கு முன்னாடியே வந்துவிடும். அன்றும் வந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் படபடவென்று அடித்தது, வீட்டுக்குள் புழுக்கம் குறைந்தது. கருவியில் மட்டும் டிகிரி ஏறிக்கொண்டே போனது. ஒரு மேகம் குறுக்கே வந்ததும் சட்டென்று நாலு டிகிரி இறங்கியது, விலகியதும் பழையபடி ஏறிவிட்டது. காற்றின் வெப்பம் அப்படியெல்லாம் குதிக்காது. அது அளந்தது டப்பாவின் சூட்டைத்தான்.

கழற்றிப் பார்த்தேன். வெள்ளை நிறத்தில் ஒரு மின்சார ஜங்ஷன் பாக்ஸ், அடியில் மட்டும் நாலைந்து துளை. பக்கவாட்டில் காற்று நுழைய ஒரு வழியும் இல்லை. சென்சாரை மூடியின் உள்பக்கத்தில் ஹாட் க்ளூ வைத்து ஒட்டியிருந்தார்கள். நேர் வெயிலில் காயும் மூடி அது! பசை இளகி வழிந்து சென்சாரின் பாதியை மூடியிருந்தது. சூடாகக்கூடிய சர்க்யூட் போர்டும் அதே டப்பாவுக்குள்தான். வெளியே டப்பாவை மேற்குப் பார்த்த கைப்பிடிச் சுவரில் திருகியிருந்தார்கள், பக்கத்திலேயே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.

விற்றவருக்குப் போன் செய்தேன். “சார், செட்டிங்ஸ்ல ஆஃப்செட் மைனஸ் எட்டு போட்டுக்கோங்க, கரெக்டா வந்துடும்” என்றார். காட்டும் எண்ணிலிருந்து எப்போதும் எட்டைக் கழித்துவிடும் ஏற்பாடு அது. “ராத்திரியும் எட்டு குறையுமே?” என்றேன். “ராத்திரி யாரு சார் பாக்கப் போறாங்க?”

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வெயிலால் வரும் பிழைக்கு நிலையான அளவு கிடையாது. உச்சி வெயிலில் எட்டு டிகிரி இருக்கும். மேகம் மறைத்தால் பாதியாகும். பொழுது சாய்ந்தபின் ஒன்றுமே இருக்காது. எட்டைக் கழித்தால் மே மாத இரவில் 28 இருக்கவேண்டிய இடத்தில் 20 என்று காட்டும். யார் உங்களிடம் ஆஃப்செட் போடச் சொல்கிறாரோ, அவர் தந்தது ஷீல்டு இல்லை. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வயதானவர்கள் வெளியே கிளம்பலாமா என்று கேட்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு கோபம்.

உண்மையான ஷீல்டு எப்படி இருக்கும்? வானிலை நிலையங்களில் பார்த்திருப்பீர்கள், கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி, நாலு பக்கமும் சாய்வான பட்டிகள். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. வெயில் எந்தக் கோணத்திலும் உள்ளே விழாது, காற்று தாராளமாகப் போய்வரும். வீட்டுக் கருவிக்கு இதையே வெள்ளைத் தட்டுகளாகச் செய்கிறார்கள்: கவிழ்த்த தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் எதையும் தொடாமல் சென்சார் தொங்கும். மாடித் தரையின் சூடு கீழிருந்தும் வருவதால் அடித்தட்டு ரொம்ப அவசியம். காற்றே இல்லாத நேரத்தில் இதுவும் கொஞ்சம் கூடக் காட்டும். அதற்குச் சின்ன விசிறி வைத்த வகை உண்டு, விலை அதிகம். 3டி பிரிண்ட் செய்தது என்றால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், நம்ம வெயிலில் வளைந்துவிடும். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று பாருங்கள். உப்புக்காற்றில் மற்றதெல்லாம் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர், அதுவும் புல்தரையில் என்பது உலக வானிலை அமைப்பின் விதி. நம்ம பக்கம் புல்தரைக்கு எங்கே போவது? மாடியிலேயே, சுவர், தொட்டி, ஏசி அவுட்டோர் யூனிட் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஆள் உயரக் கம்பத்தில் மாட்டினால் ஓரளவு நம்பலாம்.

பொருத்த வந்தவர் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல வெயிலில், கருவியைத் தொடாமல் சற்றுத் தள்ளி ஒரு குடையைப் பிடித்து அதன்மேல் நிழல் விழச் செய்யுங்கள். சில நிமிடங்களில் மூன்று நாலு டிகிரி இறங்கினால் பணம் கொடுக்காதீர்கள்.

நான் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “வெயில்ல வச்சா வாரண்டி கிடையாது” என்று பதில் வந்தது. வெளியில் வைக்கும் கருவி என்று விற்றுவிட்டு! 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. என் ரசீதில் ‘வெதர் ஸ்டேஷன்–1’ என்று மட்டும்தான் இருக்கிறது, ஆனால் ஷீல்டு உண்டு என்ற விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கினால் ஷீல்டு என்ன வகை, எத்தனை தட்டு என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.