பிரிக்பீல்ட்ஸ் சிறுவர் ஆலோசனை மையம்: ஆறு சனிக்கிழமைக்குப் பிறகு என் மதிப்பீடு

பையன் விஷயம் கலந்திருப்பதால் மையத்தின் பெயரைப் பொதுவில் போட மாட்டேன். கோலாலம்பூரின் லிட்டில் இந்தியாவான பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கீழே பார்க்கிங் கிடைத்தால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல நேரம். கேஎல் சென்ட்ரல் வரை ரயிலில் வந்து நடந்துவிடுவது மேல்.

பையன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. ஞாயிறு ராத்திரி ஆனால் வயிற்று வலி, திங்கள் காலையில் வாந்தி, வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஒன்றுமே இல்லாத மாதிரி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மாமியார் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். நான் நடிக்கிறான் என்று திட்டினேன். கிளினிக்கில் ஸ்கேன் வரை எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு என்று 2022 தேசிய சுகாதார ஆய்வு சொன்னபோது, அது பெரிய பிள்ளைகள் சமாச்சாரம் என்று செய்தியைத் தள்ளிவிட்டுப் போனவன் நான்.

சேர்ப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள். 1998 ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்யாதவர் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு தொழில் நடத்தக் கூடாது. இங்கே சான்றிதழை மேசைக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள். நான் முதலில் விசாரித்த வேறொரு இடத்தில் இதைக் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள், அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் எனக்கு எரிச்சல்தான். ஆலோசகர் அக்கா தரையில் உட்காருகிறார், முன்னால் மணல் நிரப்பிய தட்டு, ஒரு கூடை நிறையக் குட்டிப் பொம்மைகள். ஏன் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. 50 நிமிடத்துக்கு 180 வெள்ளி (ரிங்கிட்), மணல் விளையாடவா? மூன்றாவது வாரம் பையன் டைனோசர்களை ஒரு பக்கம் நெருக்கி வரிசையாக நிறுத்திவிட்டு, ஒரு கோழியை மட்டும் எதிர் மூலையில் மணலுக்குள் பாதி புதைத்திருக்கிறான். "இந்தக் கோழி சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாராம். "வரிசைக்குப் போனா காசைப் பிடுங்கிடுவாங்க, அது டாய்லெட்ல இருக்கு" என்றிருக்கிறான்.

ஓய்வு நேரம் முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறான், எத்தனை மாதமோ. இதை என்னிடம் சொல்வதற்கு முன், "அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்று அவனிடமே கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் சொன்னார். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது அப்போதுதான்.

நான் நேராகக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் போய்ச் சத்தம் போடக் கிளம்பினேன். அக்கா தடுத்தார். எங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு பள்ளியின் கவுன்சலிங் ஆசிரியரிடம் அவரே பேசினார். சிற்றுண்டிச்சாலையில் பெரிய வகுப்புக்கும் சின்ன வகுப்புக்கும் வரிசையைப் பிரித்தார்கள், டாய்லெட் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்க ஆரம்பித்தார், வகுப்பாசிரியை காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். காசு பிடுங்கிய பையன்களில் ஒருவன் பசியாறாமல் பள்ளிக்கு வருகிறவன் என்று பிறகு காதில் விழுந்தது. அவனை இலவச உணவுத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்களாம். இத்தனைக்கும் நாங்கள் மருத்துவம் தேடியது எங்கள் பையனின் வயிற்றுக்கு.

குறை இல்லாமல் இல்லை. உணர்ச்சிகளைக் காட்டும் அட்டைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு தமிழில் ஒன்றுகூட இல்லை! அக்கா நல்ல தமிழ் பேசுகிறார், ஆனால் அட்டையைக் கையில் எடுத்ததும் பையன் 'மாரா' (கோபம்), 'செடே' (சோகம்) என்று மலாயில் பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிடுகிறான். வீட்டில் அவனுக்கு வருகிற வார்த்தை கடுப்பு. என் மனைவி மணிலா அட்டையை வெட்டி கடுப்பு, வெட்கம், ஏக்கம், பயம் என்று எழுதி ஒரு கட்டு கொடுத்துவிட்டு வந்தாள், இப்போது அதைத்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கிறார்களாம். இன்னொன்று, தடுப்புச் சுவர் மெல்லியது, வெளியே உட்கார்ந்தால் உள்ளே அழுவது கேட்கும். இதை அவசியம் சரி செய்ய வேண்டும், சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்பே பதிய வேண்டும்.

180 வெள்ளி எல்லோராலும் முடியாது, எங்களுக்கே ஆறு வாரத்துக்கு மேல் இழுக்கவில்லை. முடியாதவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்கலாம், குடிமக்களுக்கு 1 வெள்ளி, தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555.

ஐந்துக்கு நான்கு. வயிற்று வலி அடியோடு போய்விடவில்லை, பள்ளி விடுமுறை முடிகிற வாரத்தில் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் போன வாரம் 3 வெள்ளி பத்தவில்லை, நாசி லெமாக்கோடு மைலோவும் வாங்க வேண்டும், 4 வெள்ளியாகக் கொடு என்று வந்து நிற்கிறான்.