எல்.டி.பி.யா, எல்.கே.சி.யா: சுங்கை சிப்புட் சாலைக்கு எது தோது?

2021-இல் வந்த பெரோடுவா அதிவா, 2022-இல் வந்த புது அல்சா இரண்டு காரிலும், தடக் கோட்டைத் தாண்டாமல் காக்கும் எல்.டி.டபிள்யூ., எல்.டி.பி. வசதிகள் கீழ் ரகத்திலிருந்தே உண்டு. தடத்தின் நடுவிலேயே காரைப் பிடித்து வைக்கும் எல்.கே.சி. வேண்டுமென்றால் உச்ச ரகமான ஏ.வி.க்குப் போக வேண்டும். அந்தக் கூடுதல் காசு தேவையா? சுங்கை சிப்புட், லிந்தாங், கோலகங்சார் என்று அன்றாடம் ஓடும் காருக்கு எல்.டி.பி. போதும் என்பது என் கட்சி. நான் எடுத்ததும் அதைத்தான்.

எல்.டி.டபிள்யூ. கோட்டைத் தாண்டினால் சத்தம் போடும், அவ்வளவுதான். எல்.டி.பி. சத்தத்தோடு ஸ்டீரிங்கையும் லேசாக உள்பக்கம் இழுக்கும். அதுவும் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், சிக்னல் போடாமல் விலகினால் மட்டும். எல்.கே.சி. அப்படியில்லை. வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் குரூஸ் ஓடும்போது இரண்டு கோட்டுக்கும் நடுவில் காரை விடாமல் பிடித்துக்கொண்டே வரும். கை ஸ்டீரிங்கில் இருந்தாக வேண்டும். எடுத்தால் எச்சரிக்கை வரும்.

பிளஸ் நெடுஞ்சாலையில் எல்.கே.சி. நல்ல துணை. கோடு தெளிவு, வளைவு அகலம், எதிரே வண்டி கிடையாது. வாராவாரம் கோலாலம்பூர் போய் வருகிறவர் ஏ.வி. எடுக்கட்டும், ஈப்போ தாண்டித் தெற்கே போகும் நீண்ட ஓட்டத்தில் தோளும் மணிக்கட்டும் ஓய்ந்துபோகாது.

பழைய டிரங்க் ரோட்டுக் கதை வேறு. இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்காரர் போவார். அவருக்கு இடம் விட்டு வலப்பக்கம் அரையடி ஒதுங்குவது நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. எல்.கே.சி. அந்த நேரத்திலும் நடுவுக்குத்தான் இழுக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் விட்டுக்கொடுக்கும், ஆனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் அந்த இழுபறி. எல்.டி.பி. கோட்டைத் தொடும்வரை வாய் திறக்காது. நடுக்கோட்டைத் தாண்டி ஒதுங்க வேண்டியிருந்தால் முதலில் வலது சிக்னல், போட்டதும் அடங்கிவிடும். ஒட்டுப்போட்ட தார், அழித்தும் அழியாத பழைய கோடு, விரிசலில் ஊற்றிய கறுப்புத் தார் மழையில் பளபளப்பது, இவையெல்லாம் கேமராவுக்குக் கோடு போலத் தெரியலாம். தோட்டத்து உள்சாலையில் கோடே இல்லை. அங்கே இரண்டும் சும்மாதான் இருக்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது கண்ணாடி. இரண்டு வசதிக்கும் கண் ஒன்றே: முன்கண்ணாடியின் உள்பக்கம், மேலே இருக்கும் இரட்டைக் கேமரா. செம்மண் சாலையிலிருந்து டிரங்க் ரோட்டில் ஏறும் செம்பனை லோரி, டயர் இடுக்கில் கல்லோடுதான் வரும். நம் பக்கம் கண்ணாடி மாற்றுவது அரிய செலவல்ல. மாற்றிய பிறகு கேமராவை மறுபடி அளவீடு செய்ய வேண்டும்: சமதளத் தரை, நான்கு டயரிலும் சரியான காற்று, பின்னால் சுமை இல்லாத கார், முன்னால் குறித்த தூரத்தில் அளவுப் பலகை. கண்ணாடியை மட்டும் ஒட்டி அனுப்பும் கடையில் இதற்கு இடமும் இருக்காது, கருவியும் இருக்காது.

கோணல் எவ்வளவு செய்யும் என்று கணக்குப் போட்டால் விளங்கும். கேமரா அரை டிகிரி திரும்பியிருந்தால் 30 மீட்டர் தள்ளி 26 சென்டிமீட்டர் பிசகும். சுமார் 3.5 மீட்டர் தடத்தில் 1.7 மீட்டர் அகலக் காருக்கு இரு பக்கமும் மிஞ்சுவது தலா 90 சென்டிமீட்டர். அந்தப் பிசகு எல்.டி.பி.யில் என்றால், ஒரு பக்கம் முன்கூட்டியே கத்தும், மறுபக்கம் தாமதமாகும். எரிச்சல், அதோடு சரி. எல்.கே.சி.யில் என்றால், கார் முழு நேரமும் ஒரு கோட்டை ஒட்டியே ஓடும். ஓட்டுநர் திருத்துவார், அது மறுபடி இழுக்கும். ஒரே பழுது, ஒன்றில் எப்போதாவது தொந்தரவு, மற்றதில் கிலோமீட்டர்தோறும். வீல் அலைன்மென்ட் ஒரு பக்கம் இழுக்கும் காரிலும் இதே கதிதான். அதை முதலில் சரிபார்த்துவிட்டு அப்புறம் கேமராவைக் குறைசொல்லுங்கள்.

அதனால் எந்த ரகம் எடுத்தாலும் காப்புறுதி புதுப்பிக்கும்போது கண்ணாடிக்குத் தனிக் காப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் காப்புத் தொகையில் 15 விழுக்காடு பிரீமியம். தொகையைக் குறிக்கும்போது கண்ணாடி விலையோடு அளவீட்டுக் கூலியையும் கூட்டுங்கள். பலர் விடுவது இதைத்தான். இந்தக் காப்பில் இழப்பீடு கேட்டு வாங்கினால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவான என்.சி.டி. குறையாது. ஆனால் ஒருமுறை எடுத்துவிட்டால் காப்பைத் திரும்பப் போட வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு சின்ன விஷயம். தேய்ந்த வைப்பர் கேமரா முன்னால் தண்ணீர்க் கோடு விடும், மாற்றிவிடுங்கள். டின்டட் ஒட்டுகிறவரிடம் கேமரா இடத்தை வெட்டிவிடச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் விரித்த வெள்ளைத் துண்டும் பளபளக்கும் பிள்ளையாரும் வெயிலில் கண்ணாடியில் நிழலாடும். பிள்ளையாரைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்தால் போதும். கேமரா லென்சைத் துணியால் துடைக்கவே வேண்டாம்.

கேமரன் மலை மாதிரி நெருக்க வளைவுகளில் இரண்டையும் நம்பி ஓட்டிய பழக்கம் எனக்குக் குறைவு. அங்கே அணைத்துவிடுவேன்.

பழைய ஏ.வி. வாங்குகிறவர் முன்கண்ணாடி மூலையில் உள்ள முத்திரையைப் பக்கக் கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் முத்திரையாக இருந்தால் கண்ணாடி மாறியிருக்கலாம். அளவீட்டு பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் நேரான இடத்தில் எல்.கே.சி. போட்டு, கார் எந்தக் கோட்டுப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.