பாரிசவாதத்துக்குப் பிறகு அப்பாவை விட்ட பராமரிப்பு நிலையம்: பகலுக்கு நல்ல பெயர், இரவுக்கு இன்னும் இல்லை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கிற பலரிடம் வைத்தியசாலையில் “நாளைக்குத் துண்டு வெட்டுறம், கூட்டிக்கொண்டு போங்கோ” என்று சொல்லியிருப்பார்கள், அந்த அவசரத்தில்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். பாரிசவாதம் வந்தவரையோ, இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்தவரையோ இரண்டு மூன்று மாதம் வைத்து எழுப்பி நடக்கவிடவேண்டும் என்றால் இந்த இடத்துக்குத் தாராளமாகப் போகலாம். படுத்த படுக்கையாக இருப்பவரை, அல்லது மறதி முற்றி இரவில் எழும்பித் திரிகிறவரை நிரந்தரமாக விடுவதற்கு என்றால், இரவில் ஆட்களைக் கூட்டும்வரை நான் சம்மதிக்கமாட்டேன்.

இடம் யாழ்ப்பாண நகரத்தில் இருந்து அதிக தூரம் இல்லை. ஒரு பழைய நாற்சார் வீட்டையும் பின்வளவில் புதிதாகக் கட்டிய மாடியையும் சேர்த்து நடத்துகிறார்கள். பெயரைப் போடவில்லை. குறைகளை நிர்வாகியிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், சிலதைத் திருத்தியும் இருக்கிறார்கள். நான் பார்த்த விஷயங்களை நீங்கள் எந்த இடத்துக்குப் போனாலும் பார்க்கவேண்டும், அதனால் பெயரைவிட அதுதான் உங்களுக்கு உதவும்.

அப்பா எழுபதைத் தாண்டியவர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்து, வலக்கையும் வலக்காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. யாழ் போதனா வைத்தியசாலையில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள், பிரஷரையும் சீனியையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதுக்குப் பிறகு வாட்டில் வைத்திருக்க முடியாது, அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டும். ஆனால் பாரிசவாதத்தில் போன அசைவு கூடுதலாகத் திரும்பி வருவது முதல் மூன்று மாதங்களில்தான், அதுக்குப் பிறகும் வரும், ஆனால் மெதுவாக. அந்த மூன்று மாதத்தை வீட்டு அறைக்குள் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுக்கவைத்துக் கழித்தால் போனது போனதுதான். அண்ணா கனடாவில், நானும் இவரும் வேலைக்குப் போகிறவர்கள், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அவவால் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கக்கூட முடியாது.

ஊருக்குள் கதைக்கிறவர்கள் கதைத்தார்கள், தகப்பனைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிட்டாள் என்று. எங்கள் ஆட்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் உடனே கைதடியில் சமூக சேவைகள் திணைக்களம் நடத்துகிற முதியோர் இல்லம்தான் ஞாபகம் வரும். அது வயதானவர்கள் இருந்து வாழ்கிற இடம், அதன் தேவை வேறு. நான் சொல்லுகிறது எழும்பிப் பழகி வீட்டுக்குத் திரும்பிவருவதற்கான இடம். இந்த வித்தியாசத்தை அயலுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தால் அந்த மூன்று மாதத்தில் ஒரு மாதம் போய்விடும், பேசாமல் வேலையைப் பாருங்கள்.

சரி, நல்லதில் தொடங்குகிறேன். இங்கே பிசியோ உண்மையிலேயே நல்லம். முதல்நாள் அந்தத் தம்பி அப்பாவின் காலை அசைத்துப் பார்ப்பதுக்கு முன்னம் எங்களிடம் கேட்டது வீட்டைப் பற்றி: கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, குந்தி இருக்கிறதா கொமட்டா, குளிக்கிறது கிணற்றடியிலா, விறாந்தைக்கு எத்தனை படி, முற்றம் மணலா சீமெந்தா. படமெடுத்து அனுப்பச் சொன்னார், படியின் உயரத்தை அளந்து சொல்லச் சொன்னார். அப்புறம் அதே உயரத்துக்கு ஒரு பலகைப்படியைக் கொண்டுவந்து வைத்து அதிலேயே ஏறி இறங்கப் பழக்கினார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஏலாத கால் முதலில். எங்கள் முற்றம் மணல், சக்கர நாற்காலி புதைந்து நிற்கும், அதனால் வோக்கரைப் பிடித்து நடக்காவிட்டால் ஐயாவுக்கு வாசலைத் தாண்ட முடியாது என்பதை எங்களுக்கு முன்னம் அவர் கண்டுவிட்டார். பளபளப்பான மெஷின் நிறைந்த அறையைக் காட்டி ஆட்களை மயக்குகிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் கட்டிலில் இருந்து கதிரைக்கும், கதிரையில் இருந்து கொமட்டுக்கும் ஒருவர் தானாக மாறப் பழகுவதுக்கு மெஷின் வேண்டாம், பொறுமையான ஒரு ஆள்தான் வேண்டும்.

பிசியோ வந்து நிற்கிறது ஒரு நாளில் ஒரு மணிநேரம். மிச்சம் முழுக்கப் பராமரிக்கிற பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது, அதனால் நான் அவர்களைத்தான் கூடுதலாகக் கவனித்தேன். ஏலாத கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு விலகும், பிறகு அந்த நோவே மாதக்கணக்கில் பயிற்சியைக் கெடுக்கும். இங்கே ஒருவரும் அப்படி இழுத்து நான் காணவில்லை. இடுப்பில் பட்டி கட்டி, கதிரையை அப்பாவின் நல்ல பக்கத்தில் வைத்து, “ஐயா, முன்னுக்குச் சரியுங்கோ, இப்ப எழும்புங்கோ” என்று சொல்லிவிட்டு அவர் தானாக முயற்சிக்கும்வரை நின்றார்கள். சட்டை போடும்போது ஏலாத கையை முதலில் விடுகிறார்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கிறார்கள். சின்ன விஷயம்போல இருக்கும், ஆனால் அவர்களுக்கு முறையாகப் படிப்பித்திருக்கிறார்கள் என்பதுக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பாரிசவாதத்தில் விழுங்குகிற தசையும் பலவீனப்படும், அப்போது மிக ஆபத்தானது வெறும் தண்ணீர்தான், சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போய் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். அப்பாவுக்கு ஊட்டின பிள்ளைக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். நின்றுகொண்டு ஊட்டவில்லை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவின் முகத்துக்கு நேரே இருந்தது. கதிரையில் நிமிர்த்தி இருத்தி, நாடியைக் கொஞ்சம் கீழே பதிக்கச் சொல்லி, தேக்கரண்டியில் பாதி அளவு குரக்கன் கஞ்சி, தொண்டை அசைந்து இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. இரண்டு மூன்று வாய்க்கு ஒருதரம் “ஆ காட்டுங்கோ ஐயா” என்று வலக் கன்னத்துக்குள் பார்த்தது, அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் சாப்பாடு அங்கே தேங்கி நின்றாலும் அவருக்குத் தெரியாது. முடிந்ததும் படுக்கவிடவில்லை, அரைமணித்தியாலம் அப்படியே இருத்திவைத்தது. எங்கள் அம்மாவே இவ்வளவு பொறுமையாக ஊட்டியிருப்பாவோ தெரியாது. இந்தப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள் பராமரிப்பாளர் பயிற்சியை முடித்த கையோடு வெளிநாட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள், நிற்கிறவர்களை நிறுத்திவைக்கிற சம்பளத்தை நிர்வாகம் கொடுக்கவேண்டும் என்று நான் எழுதியே கொடுத்தேன்.

சாப்பாட்டின் ருசியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக் குழைத்துத் தருவார்கள், உப்பும் உறைப்பும் குறைவு, அப்பா முகம் சுழித்தார், அவருக்கு அது நல்லதுதான்.

பேச்சுப் பயிற்சி போதாது. வாரத்தில் ஒரு நாள்தான் ஆள் வருகிறார், பேச்சு முற்றாகப் போனவருக்கு அது காணாது. ஆனால் வருகிற அந்த மிஸ் வலு கெட்டிக்காரி. அப்பாவுக்குத் தண்ணி என்ற சொல்லே வராத நாட்களில், அவர் தினமும் கும்பிடுகிறவர் என்று அறிந்து, தேவாரத்தின் முதல் அடியை மெதுவாகத் தொடக்கிவிட்டார். அப்பா மிச்சத்தைப் பாடினார். சொல் சொல்லாக, ராகத்தோடு. அம்மா பக்கத்தில் இருந்து அழுதுவிட்டா. பேச்சு இழந்தவர்களுக்குப் பாட்டும் மனனமும் மிஞ்சி நிற்பது உண்டாம், அதைப் பிடித்துக்கொண்டு மெதுமெதுவாகச் சொற்களுக்கு வரலாமாம். அப்படிப்பட்டவரை வாரத்தில் மூன்று நாளாவது கூப்பிடவேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக்கொடுக்கவேண்டும்: அவர் ஒரு சொல்லைத் தேடித் திணறும்போது உடனே அதைத் தாங்கள் சொல்லிமுடிக்கிறார்கள், அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் அவருக்கு முயற்சி செய்ய இடமில்லாமல் போகிறது.

இனி இரவு. இரவு எட்டு மணிக்குப் பிறகு மாடியில் இரண்டு பக்க அறைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிள்ளை. தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிவிடவேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வரும். அத்தனை பேரையும் ஒரு ஆள் எப்படித் திருப்புவது? ஒருவரைக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கும்போது மற்றவர் விழுந்தால் யார் ஓடுவது? அப்பாவின் குதிக்காலில் ஒருநாள் காலையில் சிவந்திருந்தது. விரலால் அமத்திப் பார்த்தால் வெளிறவேண்டும், வெளிறாமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண்ணுக்கு முதல் படி. வெளிறவில்லை. திருப்பின நேரத்தை எழுதுகிற தாளைக் கேட்டேன், அதில் இரவு முழுக்க ஒரே பேனையில் ஒரே கையெழுத்தில், சரியாக இரண்டு மணித்தியால இடைவெளி, ஒரு நிமிடம் பிசகாமல் நிரப்பியிருந்தது. ஒருவர் உண்மையில் ஓடித்திரிந்து எழுதினால் தாள் அப்படி இருக்காது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. ஒருவருக்கு ஏலாத வேலையைக் கொடுத்தால் பொய்த்தாள்தான் வரும், பிழை ஆள் போடாத நிர்வாகத்தில்.

மற்றது மணி. ஒவ்வொரு கட்டிலுக்கும் கூப்பிடு மணி இருக்கிறது என்று முதல்நாள் பெருமையாகக் காட்டினார்கள். அப்பாவின் கட்டிலில் அது வலப்பக்கச் சுவரில் இருந்தது. வலக்கை அசையாது, வாயால் கூப்பிடப் பேச்சும் வராது, அந்த மனிதன் இரவில் என்ன செய்வார்? ஈரமான பம்பர்ஸோடு விடியும்வரை கிடந்திருக்கிறார். சொன்ன அன்றே வயரை நீட்டி இடக்கைக்குக் கொண்டுவந்து கட்டினார்கள், அதை ஒத்துக்கொள்ளவேண்டும். ஆனால் ஒரு பக்கம் விழுந்தவர்களைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற இடம், ஆளைச் சேர்க்கிற அன்றே எந்தக் கை நல்ல கை என்று பார்த்துத்தான் கட்டிலைப் போடவேண்டும். இதைக் குடும்பம் வந்து சொல்லும்வரை இருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காசைப் பொறுத்தவரை, சொல்லுகிற மாதக் கட்டணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பம்பர்ஸ், மருந்து, படுக்கைப்புண் வராமல் போடுகிற காற்று மெத்தையின் வாடகை, பேச்சுப் பயிற்சி எல்லாம் வேறாக வரும். மறைக்கவில்லை, கேட்டால் சொல்லுகிறார்கள், ஆனால் கேட்கவேண்டும், எழுத்தில் வாங்கவேண்டும். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்கள் வட்ஸ்அப்பில் வருகிற படங்களைப் பார்த்து மட்டும் தீர்மானிக்கவேண்டாம், எப்போதும் தலை இழுத்துத் திருநீறு பூசின முகம்தான் படத்தில் வரும், முதுகும் குதிக்காலும் வராது. இங்கே நிற்கிற ஒரு உறவினரைச் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பிப் பாருங்கள்.

பத்திரங்களைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கிற நிலையங்களைப் பதிவு செய்வதுக்கான ஏற்பாடு அதில் உண்டு. பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பிசியோ இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்றும் கேளுங்கள். இங்கே இரண்டையும் தயங்காமல் காட்டினார்கள், அது நல்ல அறிகுறி. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டோம், காற்று மெத்தை கரண்ட் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் விரிப்பு. இவர்களிடம் ஜெனரேற்றர் இருக்கிறது, ஓடுகிறதா என்று போடச் சொல்லியும் பார்த்தேன்.

அப்பா இப்போது வீட்டில். வோக்கரைப் பிடித்துக்கொண்டு விறாந்தைப் படி இறங்குகிறார், இடக்கையால் தானே சாப்பிடுகிறார், அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த நிலையத்தால்தான் இது நடந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாடிக்கு இரவில் இரண்டாவது ஆளைப் போடுவதாக நிர்வாகி சொல்லியிருக்கிறார், நான் கடைசியாகக் கேட்டபோது இன்னும் போடவில்லை. நீங்கள் பார்க்கப் போவதென்றால் வெள்ளை விரிப்புப் போட்டு வைத்திருக்கிற பகல் பதினொரு மணிக்குப் போகாமல், பகல் ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு, இரவு எட்டரைக்குப் போய் மாடிக்கு ஏறி எத்தனை பேர் வேலையில் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டு முற்பணத்தைக் கட்டுங்கள்.